எத்திலீனும் எங்கள் கோட்டும்

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் சின்னையா சோற்றைத் தொடவே இல்லை. மூன்று தட்டு சாப்பிடுகிற ஆள்! தம்போயில் ஒரு காப்பிக்கடை மாடியில் என்னோடு குடியிருந்தவன். மடியில் சிலேட்டு, முகத்தில் சோகம்.

"என்னடா, உடம்புக்கு முடியலையா?"

"எத்திலீன்டா..."

"யாரு, உங்க ஊரு பாலோ பக்கத்துப் பொண்ணா?"

"வாயை மூடுறியா? அது வாயு!"

விஷயம் இதுதான். செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லேபரட்டரியில் ஒரு வேலை காலி. மறுநாள் காலை துரை ஆள் எடுக்கிறார். சீமையிலிருந்து புதிதாக வந்தவர் — அணுக்களைப் புள்ளி வைத்துப் போட்டுக் காட்டச் சொல்வாராம்! சின்னையா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்துவிட்டுச் சும்மா இருந்தான். இதுவும் கைவிட்டுப் போனால் பாலோவுக்குத் திரும்பி, அப்பாவோடு ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்ட வேண்டியதுதான்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன். எனக்கே புரிகிற மாதிரி சொன்னான். கார்பனுக்குச் சொந்தப் புள்ளி, அதாவது எலக்ட்ரான், நாலு. ஆனால் தன்னைச் சுற்றி எட்டு இருந்தால்தான் அதற்கு மனசு ஆறும். ஹைட்ரஜன் பாவம், அதற்குச் சொந்தம் ஒன்று. இரண்டு இருந்தால் போதும். அதனால் ஒருவர் புள்ளியை ஒருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மீத்தேன் சுலபம் — நடுவில் ஒரு கார்பன், நாலு பக்கமும் ஹைட்ரஜன். எத்திலீனில்தான் வம்பு. கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் நாலே நாலு. இவன் எப்படிப் போட்டாலும் ஒவ்வொரு கார்பனுக்கும் ஏழுதான் வருகிறது.

நான் விடுவேனா?

"ஆளுக்கொரு ஹைட்ரஜனைக் கூடப் போட்டுடு. கூட ரெண்டு விருந்தாளி வந்தா இலை போட மாட்டியா?"

"அலமாக்! அப்படிப் போட்டா அது ஈத்தேன்டா, மடையா!"

சிலேட்டு பறந்து வருமோ என்று பயந்து பேச்சை மாற்றினேன். "சரி, நாளைக்குக் கோட்டை நீ போட்டுக்க. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு எனக்கு வேணும்."

எங்கள் இருவருக்கும் ஒரே கோட்டு. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. ஆனால் யார் கேட்டாலும் அவனும் "என் கோட்டு" என்பான், நானும் "என் கோட்டு" என்பேன். பாதி என்று எவன் சொல்வான்?

சின்னையா ஆணியில் தொங்கிய கோட்டையே பார்த்தான். அப்புறம் சிலேட்டை. கார்பன் ஒவ்வொன்றிலும் ஒற்றையாக நின்ற புள்ளியை அழித்தான்; இரண்டையும் நடுவில் கொண்டுபோய் வைத்தான்.

"டேய்! நடுவுல இப்ப நாலு. இவனும் நாலும் என்னுதுன்னு சொல்லிக்கலாம், அவனும் சொல்லிக்கலாம். ஹைட்ரஜன் பக்கம் நாலு, நடுவுல நாலு... எட்டு! வந்துருச்சுடா!"

ஆறிப்போன சோற்றை மூன்று தட்டு சாப்பிட்டான்.

மறுநாள் துரை கேட்டது எத்திலீனேதான். போட்டுக் காட்டினானாம். "நடுவில் இருக்கிற நாலும் யாருடையது?" என்று துரை மடக்க, இவன் போட்டிருந்த கோட்டைக் காட்டி எங்கள் கதையைச் சொல்லியிருக்கிறான். துரை விழுந்து விழுந்து சிரித்தாராம். வேலை கிடைத்துவிட்டது! அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் குவாட்டர்ஸுக்குக் கிளம்பினான். கோட்டோடு.

கல்யாணத்துக்குச் சட்டையோடுதான் போனேன். கோட்டு எங்கே என்று ஆள் விட்டுக் கேட்டால், "துரை முன்னாடி தினமும் போடணும்டா" என்று பதில் வருகிறது.

கெமிஸ்ட்ரி படித்த வாசகர்களே, ஒரு சந்தேகம்... பங்கு போட்ட புள்ளி இரண்டையும் ஒரே கார்பன் தூக்கிக்கொண்டு ஓடுவதும் உண்டா?