நெவ் வாசித்தான், ஏட்ரியன் தெரிந்தான்

நெவில் ஹாலமும் ரஸ்ஸலும் ஷெஃபீல்டில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ரஸ்ஸல் பாடுவான், நெவ் கிட்டார் வாசிப்பான். இருவரும் சேர்ந்து தொடங்கிய இசைக்குழுவை நம்பி, கத்தி செய்கிற தொழிற்சாலை வேலையைப் பத்தொன்பது வயதில் உதறினான் நெவ். ஐந்து வருடம் வேனில் தூங்கி, பிடித்துவிட்டால் மேடை மேலேயே எச்சில் துப்புகிற கூட்டத்துக்கெல்லாம் வாசித்தார்கள். 'நியூ வேவ்' என்ற புது பாணி ராக் இசையின் காலம் வந்தது. 1981இல் அவர்கள் பாட்டு ஒன்று விற்பனைப் பட்டியலில் ஏறியது. பாட்டு கிடக்கட்டும், அதன் தொடக்கத்தில் வரும் கிட்டாரைத்தான் ஊர்ப் பையன்கள் வாயாலேயே வாசித்துத் திரிந்தார்கள். அது நெவ் போட்டது.

தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே யாரும் நிஜமாக வாசிப்பதில்லை. இசைத்தட்டு ஓடும், குழு வாயையும் கையையும் அசைத்தால் போதும். நாடே பார்க்கும் பொம்மலாட்டம் அது.

நெவுக்கு அப்போதே முன்தலையில் வழுக்கை ஏறத் தொடங்கியிருந்தது. ரஸ்ஸல் ஒரு நாள், முடி திருத்தும் கடையில் வேலை பார்க்கும் ஏட்ரியன் என்ற அழகனைக் கூட்டி வந்தான்.

"டேய் நெவ், நீ காய்ச்சல் கீய்ச்சல்னு படுத்துட்டா என்னடா பண்றது? விரலை எங்க வைக்கணும்னு மட்டும் இவனுக்குக் காட்டி வையேன். சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நெவ் மதுக்கடை மாடியில் மூன்று நாள் உட்கார்ந்து செய்தான். "கம்பியப் பாக்காதடா, தலைய நிமித்து! வாசிக்கிறவன் மாதிரியாவது நில்லு!"

படப்பிடிப்பு புதன்கிழமை. வேன் காலை ஏழு மணிக்கு வரும் என்றிருந்தான் ரஸ்ஸல். நெவ் ஆறரைக்கே கிட்டாரோடு வாசலில் நின்றான். பத்து மணிக்கு ரஸ்ஸல் வீட்டில் போய்க் கேட்டால், ஐந்துக்கே கிளம்பிவிட்டார்கள் என்றார்கள்.

வியாழன் மாலை ஒளிபரப்பு. நெவின் அம்மா டோரீன் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு சாண்ட்விச் அடுக்கியிருந்தாள். அவளிடம் சொல்ல நெவுக்கு வாய் வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் அவன் கிட்டார் ஒலித்தது. ஏட்ரியன் தலை நிமிர்ந்து நின்றான்.

"யாருடா அது? நீ எங்கடா?"

"வாசிக்கிறது நான்தாம்மா. நிக்கிறது மட்டும் அவன்."

"பையன் ராஜா மாதிரி இருக்கான்," என்றாள் பக்கத்து வீட்டு மாட். டோரீன் அவள் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை ரஸ்ஸலைப் பிடித்துக் கேட்டபோது, அவன் கண்கூடச் சிமிட்டவில்லை. "கேமராவுக்கு மூஞ்சி வேணும்டா. நாடே கேட்டது உன் வாசிப்பத்தானே? அப்புறம் என்ன?"

கழுத்தையும் அறுத்துவிட்டு சமாதானமும் சொல்கிறான் பாருங்கள்! நெவுக்கு அவனை அடிக்கக்கூட மனம் வரவில்லை. அந்த மனத்தை நினைத்துத்தான் பிறகு தன்மேலேயே எரிச்சல்பட்டான். ஏட்ரியன் குழுவிலேயே தங்கிவிட்டான்.

நெவ் பழைய தொழிற்சாலைக்கே போனான். வாரக் கடைசியில் தொழிலாளர் கிளப்பில், எண்களைக் கூப்பிட்டு ஆடும் பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே வாசிப்பான். ஒரு முறை அந்தப் பாட்டின் தொடக்கத்தை வாசித்து முடித்ததும், கிளப் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "பரவாயில்லப்பா! கிட்டத்தட்ட ஏட்ரியன் மாதிரியே வருது!"

"அவனுக்கே நாந்தான்யா சொல்லிக்குடுத்தேன்," என்றான் நெவ்.

கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.