முப்பதில் போனவன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வுக்காக ரெட்டியார்சத்திரத்திலிருந்து அப்பாவின் மொபெட்டில் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; ரோட்டோரப் பலகைகளைக்கூட விடாமல் படிப்பேன். வழியில் ஓர் ஊருக்குள் நுழையும் இடத்தில் ‘வேகம் 30’ என்றிருந்தது. முள்ளை முப்பதில் நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் ஆரனை அலறவிட்டுத் தாண்டிப் போனது. ஆடு ஏற்றிய வேனும் தாண்டியது.

ஓர் ஏட்டு கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“ரொம்ப வேகமா வார.”

“முப்பதுலதான் சார் வந்தேன். பஸ்ஸுதான் பறந்துச்சு.”

“அவன் நிப்பானா? நிக்கிறவனத்தான நிறுத்த முடியும். லைசென்ஸ எடு.”

லைசென்சின் ஜெராக்ஸை நீட்டினேன். அதில் சுகாதார நிலைய டாக்டரின் பச்சை மைக் கையெழுத்து இருந்தது. மதிப்பெண் பட்டியலுக்குச் செய்ததையே லைசென்சுக்கும் செய்திருந்தேன்: அசல் வீட்டு டிரங்குப் பெட்டியில், வெளியே போவது பச்சை மை நகல்.

“ஏலே, டாக்டரு எதுக்குக் கையெழுத்துப் போட்ருக்காரு? வண்டி ஓட்ட ஒடம்பு தாங்கும்னா?”

“உண்மை நகல்னு சார். ஒரிஜினல் பத்திரமா வீட்டுல இருக்கு.”

“வண்டிய ஓரங்கட்டு.”

மணி ஒன்பது நாற்பது. ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“உன் மேல கேஸ் எழுதுனா, கோர்ட்டுல இந்தப் பச்ச மைய நான்ல வெளக்கணும். போ. முப்பதுல போனா பரீட்ச முடிஞ்சுதான் போவ. நல்லா முறுக்கு.”

“அத எழுதிக் குடுங்க சார். அங்கிட்டு யாராச்சும் நிறுத்துனா?”

பேனாவை எடுத்தார். பிறகு ஜெராக்ஸின் பின்பக்கம், ‘பரீட்சைக்குப் போகிறான். விடவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“பச்ச மை இல்லப்பா. நீலந்தான்.”

நாற்பத்தைந்துக்கு மேல் மொபெட் ஏறவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“மணி ஆயிருச்சு தம்பி.”

கையில் சிக்கிய தாளைக் கம்பி வழியே நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்தார். கேட்டைத் திறந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஹால் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது.

தேர்வு முடிந்து வந்து வாட்ச்மேனிடம் ஜெராக்ஸைக் கேட்டேன்.

“அத எப்படித் தர? போலீஸ் உத்தரவு. ஆபீஸ் ஃபைல்ல வச்சாச்சு.”

திரும்பும் வழியில் ஏட்டு அதே இடத்தில் நின்றிருந்தார். காட்டுவதற்கு இப்போது நகல்கூட இல்லை. பலகை தாண்டும்வரை மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.