ஆறிப்போன காலுக்கு ஒரு கட்டு

எலும்பு முறிவு வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அந்தக் காலத்தில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே, வலியில் முனகிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்களாம். அப்பேர்ப்பட்டவர் இப்போது மாடி வீட்டில் ஒண்டியாக, அதட்ட ஆள் இல்லாமல் மிக்சியையும் தண்ணீர்க் குழாயையும் அதட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தால் விழுந்தடித்து ஓடுவார். ஏதோ விளம்பரக் குரலாக இருக்கும். "அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியாம்மா?" என்று அந்தப் பெண்ணிடமும் பேச்சை வளர்க்கப் பார்ப்பார். அந்தப் பெண் வைத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் ஒரு ஸ்கூட்டர் இடித்து ஒரு தெருநாய் விழுந்தது. சாம்பல் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்து தொங்கும். வலது பின்னங்கால் முறிந்திருந்தது. சிஸ்டர் அதைப் போர்வையில் சுற்றி மாடிக்குத் தூக்கிப்போனார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், படியிலேயே மறித்தார்.

"சிஸ்டர், நாய், பூனை எல்லாம் கூடாதுன்னு வீடு குடுக்கும்போதே சொன்னேனே?"

"நாய்னு யார் சொன்னா? இது பேஷண்ட், சார்."

"சரி, கால் சரியாகுற வரைக்கும்தான். அப்புறம் இங்க இருக்கக் கூடாது."

"நீங்க சொல்லவே வேணாம். குணமான ஆளை ஒரு வேளை கூட நான் வெச்சிக்கிட்டது இல்ல."

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. வார்டில் அழுதுகொண்டே கையைப் பிடித்து விடைபெற்றவர்களைக்கூட, "படுக்கைக்கு அடுத்த ஆள் வந்தாச்சு, கிளம்புங்க" என்று விரட்டியவர் அவர்.

மறுநாளே மாடி வீடு வார்டாகிவிட்டது. விடிந்ததும் சிஸ்டர் தலையை வாரி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரவுண்ட்ஸ் வருவார். இருப்பது ஒரே ஒரு நோயாளி. "எப்படி இருக்கே? ராத்திரி தூங்கினியா? மாத்திரையைத் துப்பினது யாரு?" என்று ஒரு வார்டுக்கான அதட்டலை அது ஒன்றே தாங்கியது. வாலை ஆட்டினால், "ஆட்டாதே, எலும்பு கூடணும்" என்று அதற்கும் திட்டு விழும்.

எலும்பு கூடியது. ஒருநாள் கட்டைப் பிரித்து அழுத்திப் பார்த்தார். கால் கல் மாதிரி இருந்தது. நாய் அவர் கையை நக்கிவிட்டு, அறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிக் காட்டியது. சட்டப்படி அன்றைக்கே வெளியே விட வேண்டும். நம் சிஸ்டர் என்ன செய்தார்? கதவைச் சாத்திவிட்டுப் புதுக் கட்டு ஒன்று போட்டார்!

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பச்சைத் திருட்டுத்தனம். காலையில் கட்டை அவிழ்த்து மொட்டை மாடியில் ஓடவிடுவார். படியில் வீட்டுக்காரரின் இருமல் கேட்டதும் அவசரமாகச் சுற்றிவிடுவார். நாயும் லேசுப்பட்டதில்லை. வீட்டுக்காரர் தலை தெரிந்தால் போதும், முகத்தைத் தொங்கப்போட்டு நொண்ட ஆரம்பித்துவிடும். அவர் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனதும், ஒரு துண்டு பிஸ்கட் கிடைக்கும்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் இருமவே இல்லை. சிஸ்டர் பதறிப்போய்க் கையில் அகப்பட்ட காலில் கட்டைச் சுற்றி முடிச்சுப் போடவும், அவர் மாடிக்கு வரவும் சரியாக இருந்தது. நாய் வழக்கம்போல நொண்டிக்கொண்டே அவரை வரவேற்றது.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தார்.

"சிஸ்டர், கட்டு இடது கால்ல இருக்கு. அது வலது கால்ல இல்ல நொண்டுது?"

சிஸ்டருக்குக் காதெல்லாம் சூடானது. கால் மாற்றிக் கட்டியதற்காகப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை வார்டே அதிரும்படி கிழித்து எடுத்தவர் அவர். அந்தப் பெண் பார்த்திருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பாள். வீக்கம் இந்தப் பக்கம் இறங்கிவிட்டது என்று சமாளிக்க வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டார். உட்கார்ந்து அந்தக் கட்டைத் தானே அவிழ்த்தார்.

"கால் எப்பவோ ஆறிடுச்சு சார். உங்களை ஏமாத்திட்டேன். எனக்குத்தான் இதை அனுப்ப மனசு வரல. காலைல எழுந்ததும் 'எப்படி இருக்கே'ன்னு கேக்க ஒரு ஆள் இருக்கு. இது போயிட்டா நான் எதுக்கு எழுந்திருக்கணும்னு எனக்கே தெரியல."

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தபடி தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"அதோட நகத்தை மட்டும் வெட்டி விடுங்க சிஸ்டர். விடியும்போதே என் தலைக்கு மேல டக்கு டக்குன்னு ஓட்டம். நானும் எத்தனை நாளைக்குத்தான் காது கேக்காத மாதிரியே இருக்கறது?"

சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டார். சிஸ்டர் சிரிக்கத்தான் நினைத்தார், அழுகை முந்திக்கொண்டது. அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. நாய்க்கு மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. அது நொண்டிக்கொண்டே வந்து அவர் மடியில் ஏறிப் படுத்தது.