கோட்டுக்குக் கிட்ட ஒரு கடைசி இடம்

கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிறோமே, அந்தச் சிவப்புக் கலன், அது ஒரு காலத்தில் கடலில் மிதந்தது, பிள்ளைகள். சண்டைக் காலத்தில் நிலாவெளிக் கடலில் கடற்படைக்காரர் இப்படிக் கலன்களை வரிசையாகக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். அதுதான் கோடு. அதற்குக் கரைப்பக்கம் நாங்கள் தொழில் செய்யலாம். கலனைத் தொட்டாலே குற்றம். அதற்கு அப்பால் ஒருவரும் வலை போடாததால் மீன் எல்லாம் அந்தக் கோட்டருகேதான் கிடக்கும்.

பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த அந்த வருசம் உங்கள் அம்மாவின் தம்பி, மாமா, என் படகில் வந்தார். கணிதம் படித்தவர். வலை இழுத்தால் கை கொப்புளித்துப் போகும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒருநாள், "தம்பி, பயமில்லாமல் கோட்டுக்குக் கிட்டப் போகக்கூடிய கடைசி இடம் எது? கணக்குப் பார்த்துச் சொல்லுமன்" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒரு இடமே இல்லை, அத்தான். கோட்டை விட்டிட்டு உள்பக்கத்தை மட்டும் எடுத்தா, கணக்கில அதுக்குப் பேர் திறந்த தொடை, இங்கிலீசில 'ஓப்பன் செற்'. அதில எங்க நிண்டாலும் உங்களைச் சுத்தி ஒரு குட்டி வட்டமாவது கீறலாம், அது முழுக்க உள்ளுக்கையே இருக்கும். ஆனா அதைவிடக் கிட்டவா இன்னொரு இடம் எப்பவும் இருக்கும். கோட்டிலயே நிண்டா, எவ்வளவு சின்ன வட்டம் கீறினாலும் ஒரு துண்டு வெளியில போயிடும்."

"அப்ப எங்க நிக்கிறது?"

"அதைக் கணக்குச் சொல்லாது. நீங்கள்தான் நிப்பாட்ட வேணும்."

எனக்கு அது விளங்கியது. பசிக்கு விளங்கவில்லை.

பாரை மீன் வந்த ஒரு காலையில், பக்கத்துப் படகு ஒரு முழம் முன்னால் போக, நானும் ஒரு முழம் போனேன். அப்படியே போய்க்கொண்டிருந்தோம். நீரோட்டம் வலையைக் கலன்களுக்கு அப்பால் இழுத்தது. வலைக்கயிறு படகில் கட்டியிருந்ததால் படகும் அதன் பின்னால் கோட்டை நோக்கி நகர்ந்தது. தூரத்தில் காவல் படகின் சத்தம். வீட்டில் இருந்தது அந்த ஒரு வலைதான். நான் விடாமல் இழுத்துக்கொண்டு நின்றேன். மாமா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

"படிச்ச பெடியனை ஏத்தினா இப்பிடித்தான்!" என்று பக்கத்துப் படகிலிருந்து சத்தம் வந்தது. "மீனுக்குப் பதிலாக் கணக்குத்தான் கரைக்கு வரும்!"

காவல் படகு வந்து வலையை அள்ளிக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது. எங்களுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு துடுப்பு நீளம் இருந்திருக்கும். பிறகு போய்விட்டது. நான் படகைக் கரைக்குத் திருப்பினேன்.

"நான்தான் வெட்டினனான், அக்கா" என்றார் மாமா, கரையில்.

"இதுக்கோ உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினது?" என்றா அம்மா. பிறகு அவரின் கைகளை விரித்துப் பார்த்துவிட்டுச் சோறு போட்டா. அந்தப் பருவம் முழுக்க நாங்கள் இருவரும் ஊராரின் கரைவலையைக் கூலிக்கு இழுத்தோம்.

மாமா இப்போது வெளிநாட்டில். சண்டை முடிந்து கலன்கள் அறுந்து கரை ஒதுங்கியபோது நான் பொறுக்கி வந்ததுதான் இந்தச் சிவப்புக் கலன். கடல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. போன கிழமை என்னோடு வந்த மூத்தவன் கேட்டான்: "ஏனப்பா இதில திருப்புறீங்கள்? மீன் அங்காலதானே?"

பார்த்தேன். கலன்கள் மிதந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

"ஓம், தெரியும்" என்றேன். கை ஏற்கெனவே படகைத் திருப்பிவிட்டிருந்தது.