கிளியும் இரண்டு என்டரும்

தையல்நாயகி தான் எழுதிய கம்ப்யூட்டர் சமாசாரத்துக்குத் தன் அம்மா கிளியம்மாளின் பெயரைச் சுருக்கி ‘கிளி’ என்று வைத்தாள். இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, சண்டைக்குப் போக வேண்டிய விஷயமா என்று அந்த அம்மாளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எண்பத்தெட்டில் சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மாடி அறையில், ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரோகிராம், கல்யாண மண்டபத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று கேட்டார்கள். எல்லாவற்றிலும் பெயர் கேட்பது, பட்டியல் காட்டுவது, தேடிக் கொடுப்பது, சீட்டு அச்சடிப்பது என்று பாதி வேலை ஒரே வேலைதான். அந்தப் பொது வேலையை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொண்டாள். அதுதான் கிளி. ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் ஊற்றலாம் இல்லையா, அந்த மாதிரி. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பதினோரு இடங்கள் கிளியை நம்பி ஓடின.

முதலில் வாங்கியவர் டாக்டர் ராஜகோபால். அவருடைய பிரசவ ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவள் அருள்மேரி. பெயர், வயது, ஊர், உடம்புக்கு என்ன என்று வரிசையாக அடித்தால் சீட்டு வரும். ஆனால் கிளியில் ஒரு கோளாறு. பெயரை அடித்து என்டர் விசையைத் தட்டினால் அடுத்த கேள்விக்கு நகராது, இரண்டாம் தரம் தட்டினால்தான் நகரும். “இப்போதைக்கு ரெண்டு தட்டு தட்டுங்கக்கா, சரி பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள் தையல்நாயகி. சொன்னபடி ஒரு மாதத்தில் சரியும் பண்ணினாள். அதற்குள் அருள்மேரியின் விரலுக்கு இரண்டு தட்டு பழகிவிட்டது. இரண்டாவது தட்டு வயதைத் தாண்டிப் போய்விட, எல்லாச் சீட்டிலும் வயது காணாமல் போயிற்று. இரண்டு நாள் பார்த்துவிட்டு, தையல்நாயகி அந்தத் தப்பை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வைத்தது கிளிக்குள் அல்லவா? பள்ளிக்கூடம், மண்டபம் என்று பதினோரு இடத்திலும் ஜனங்கள் பெயருக்குப் பிறகு இரண்டு என்டர் தட்டினார்கள். கம்ப்யூட்டர் என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

தொண்ணூற்றேழில் டாக்டர் புது மெஷின் வாங்கினார். விண்டோஸ் போட்டது.

“இனிமே இந்தக் கருப்பு ஸ்க்ரீன் வேண்டாம்மா. சிட்டியிலேருந்து ஒரு கம்பெனிக்காரங்க அவங்களோடதைக் காட்டறேங்கறாங்க. அதுக்கு முன்னாடி உன்னோடதை விண்டோஸ்ல கொண்டு வர முடியுமா?”

“முடியும் சார்” என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் கிளி முழுக்க விண்டோஸுக்கு முந்திய டாஸை நம்பி எழுதியது. திரையில் எழுத்துப் போடுவதும் எந்த விசையைத் தட்டினார்கள் என்று பார்ப்பதும் நேரடியாக. விண்டோஸ் அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. டாக்டர் போனால் மற்றப் பத்துப் பேரும் அடுத்தடுத்துப் போவார்கள், கிளி செத்தது. ஒன்பது வருஷ உழைப்பு அது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய பக்கங்கள்கூட அதில் உண்டு. அழுகை வந்தது, அழுதாள். முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான்கு மாதத்தில் புதுக் கிளி பிறந்தது. கலர் கலராகப் பொத்தான்கள், மௌஸ், எல்லாம் உண்டு. பழைய மானக்கேட்டை இப்போதாவது தொலைப்போம் என்று இரண்டு என்டரையும் எடுத்தெறிந்தாள். அதுதான் வினை.

புதுக் கிளியை மாட்டிய திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். அரைமணி கழித்து உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

“ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு ஊரு முப்பத்திரண்டாம். உடம்புக்கு என்னன்னு பார்த்தா, பொழிச்சலூர்னு போட்டிருக்கு. பொழிச்சலூருக்கு நான் என்ன மருந்து எழுதறது?”

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தையல்நாயகி முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் கோபிக்கிற ஆளில்லை. “வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி வருது, ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணிக்கறேன்” என்று மட்டும் சொன்னார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை தையல்நாயகி, அருள்மேரி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மேசையில் பழைய மெஷின்தான் திரும்ப வந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகத் திரையைப் பார்க்காமல் அருள்மேரியைப் பார்த்தாள். இடது கையில் பேஷண்ட்டின் அட்டை. வலது கை தானாக ஓடுகிறது. கண் மட்டும் வந்தவள் முகத்தில்.

“ஸ்க்ரீனைப் பாக்கவே மாட்டீங்களாக்கா?”

“அத்தப் பாத்து இன்னா ஆவப் போவுது? அதுக்கா வலி? மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும், யாரை மொதல்ல உள்ள அனுப்பணும்னு” என்ற அருள்மேரி, பேச்சோடு பேச்சாக, பின்னால் நின்ற ஒரு வெளுத்த முகத்தைக் கூப்பிட்டு நேரே உள்ளே அனுப்பினாள்.

தையல்நாயகிக்குச் சுரீர் என்றது. இத்தனை நாள் கிளி தன் அறையில், டிஸ்கில் இருப்பதாக நினைத்திருந்தாள். அது இந்த விரல்களில் அல்லவா இருக்கிறது! நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எந்த விசைக்கு அப்புறம் எந்த விசை, எங்கே நிற்கிறது, எங்கே இரண்டு தட்டு என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புதுக் கிளிக்கு அத்தனையும் சொல்லிக் கொடுத்தாள். பழைய புரோகிராமில் ஒரு வரிகூட அதில் இல்லை. பழைய தப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடையது நிஜமாகவே அழகாக இருந்தது. பொறாமையோடு ஒப்புக்கொண்டாள் தையல்நாயகி. ஆனால் மௌஸைப் பிடிக்க அருள்மேரி அட்டையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. திரையில் மௌஸின் அம்பைத் தேடிக் குனிந்தவள் ஒரு சீட்டு முடியும்வரை தலையைத் தூக்கவில்லை. டாக்டர் கதவோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது புதுக் கிளி. தையல்நாயகி அதைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள். அருள்மேரி அட்டையை இடது கையில் எடுத்துக்கொண்டு வரிசையைக் கூப்பிட்டாள். பெயர், தட் தட். வயது, ஊர். ஒன்று, இரண்டு, பத்து, இருபது சீட்டு. ஒன்றில்கூடத் தப்பில்லை. டாக்டர் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இதையே போட்டுடும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் அருள்மேரி முதல்முறையாகப் புதுக் கிளியின் திரையைத் திரும்பிப் பார்த்தாள். கலரைப் பார்த்தாள், பொத்தான்களைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நாலு மாசமா ராப்பகலா இன்னாதான் மாத்தின நீ? எல்லாம் அப்பிடியேதானே கீது?”

வாழ்நாளில் இதைவிடப் பெரிய பாராட்டு தையல்நாயகிக்குக் கிடைத்ததில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, சிரிப்பும் வந்தது.

“ஆமாக்கா, ஒண்ணும் மாத்தலை” என்றாள்.