மூன்று பேருக்கு இரண்டு பாஸ்

ஷார்ஜாவில் இருக்கும் நானும் கணவரும் ஏழு வயது மகள் நிலாவும் டிசம்பர் லீவுக்கு ஜார்ஜியா பனிமலைக்குப் போனோம். கேபிள் காரில் ஏற நாள் பாஸ் வேண்டும். "மூணு எதுக்கு? ரெண்டு போதும். காலைல நான் நிலாவோட போறேன், மத்தியானம் என் பாஸ்ல நீ போ" என்றார் கணவர். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

மதியம் அவர் பாஸை என்னிடம் கொடுத்தார். நிலா தன் பாஸைக் காட்டி, கேட் திறந்ததும் ஓடிப்போய்க் கேபினில் ஏறிவிட்டாள். பின்னாலேயே போன என்னை ஊழியர் மறித்தார். அவருடைய திரையில், காலையில் பதிவான என் கணவரின் முகம். பாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

கேபின் கதவு மூடி நகர்ந்தது. கண்ணாடியில் கைகளை வைத்து நிலா அலறுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. "பேபி! மை பேபி!" என்று கத்தினேன். ஊழியருக்கு ஆங்கிலம் புரியவில்லை. கணவர் டிக்கெட் கவுன்டருக்கு ஓடினார்; அங்கே நீண்ட வரிசை. நான் பனியில் விழுந்து அந்த ஊழியரின் காலைப் பிடித்துக்கொண்டு கேபினைக் காட்டினேன். அப்புறம்தான் அவர் மேலே உள்ள ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் ஊழியரின் மடியில் நிலா இறங்கி வந்தாள். "வொய் டிடின்ட் யூ கம், அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகுதான் விலைப் பலகையை முழுதாகப் படித்தேன். அரை நாள் பாஸ் மூன்று வாங்கியிருந்தால் நாங்கள் வாங்கிய நாள் பாஸ் இரண்டைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும்.

இப்போது எங்கே போனாலும் தலைக்கு ஒன்று வாங்குகிறோம். துபாய் மெட்ரோ கேட்டில்கூட என் கார்டை முதலில் நிலாவிடம் காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் என் கையை விடுகிறாள்.