மேடு தேடிய விரல்

செய்தி வந்தபோது பல் கிளினிக்கில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் மூத்த மகள் தாரணி, டாக்டரம்மாவின் உதவியாளர் செல்வி, குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த ஒருவர், பல்லில் கம்பி போட்டிருந்த அவர் மகள். செல்வி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அமலி டாக்டரம்மா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றாள்.

"அப்ப இன்னைக்குக் கம்பி மாத்த மாட்டாங்களா?" என்றார் அந்த அப்பா. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. என் மனதிலும் அதுதான் ஓடியது.

இந்த அஞ்சலியைப் படிக்கும் பல் டாக்டர்களே, உங்களில் பலர் டாக்டரம்மாவோடு படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள். நான் அறிந்ததெல்லாம் அந்தச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது மட்டுமே.

தாரணிக்குப் பதின்மூன்று வயதாகியும் மேல்வரிசையில் வலது பக்கக் கோரைப்பல் முளைக்கவில்லை. பால்பல்லே ஆடாமல் உட்கார்ந்திருந்தது. ஆடாத பல்லைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. உறுதியான பல் என்று பெருமை வேறு. டாக்டரம்மா படம் எடுக்கும் முன்பே, உறை மாட்டிய விரலை ஈறின் மேல் வைத்து மெதுவாக ஓட்டினார்.

"பத்து வயசுலயே இங்ஙன ஒரு மேடு தட்டுப்படணும்மா. தட்டுப்படலன்னா பல்லு வழி மாறிப் போகுதோன்னு பாக்கணும்" என்றார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் இரண்டு எக்ஸ்ரே எடுத்தார். ஒரே பல்லுக்கு எதற்கு இரண்டு படம் என்று என் கணவர் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. "ரெட்டியார்சத்திரத்துல இருந்து பஸ்ஸுலதான வாரீக? பக்கத்துத் தென்னமரம் பின்னால ஓடும். தூரத்து மலை கூடவே வரும். ரெண்டாவது படத்துக்கு மிஷினைக் கொஞ்சம் நகத்துனேன். பல்லும் கூடவே நகந்துச்சு. அப்ப அது மலை. உள்ள, அண்ணத்துப் பக்கம் கெடக்கு. அத மெல்ல வெளிய இழுக்கணும்."

"அப்ப மலையவா இழுக்கப் போறீங்க?" என்றார் இவர். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அண்ணத்தைச் சிறிது திறந்து, உள்ளே கிடந்த பல்லில் குட்டிச் சங்கிலி ஒட்டி, மற்ற பற்களில் போட்ட கம்பியோடு சேர்த்தார்கள். மாதங்கள் போயின. ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஏறுவதும் காத்திருப்பதுமாக எனக்கு அலுத்துப்போயிற்று. பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டதை ஒரு நாள் சொன்னேன். டாக்டரம்மாவின் சட்டைப் பையில் எப்போதும் ஜெபமாலை இருக்கும்.

"நல்லா நடங்க. ஆனா பழனிக்கு யாராச்சும் ஓடுவாகளா? நானும் நடந்துதான் போவேன். அவசரப்பட்டு இழுத்தா பக்கத்துப் பல்லோட வேரு கெட்டுரும்."

போன முறை கண்ணாடியை வாய்க்குள் வைத்துக் காட்டினார். அண்ணத்தில் அரிசி முனை போல வெள்ளை தெரிந்தது. கிளம்பும்போது என் சின்ன மகள் யாழினியைப் பற்றிக் கேட்டார். "அக்காவுக்கு இப்பிடி இருந்தா தங்கச்சிக்கும் இருக்கலாம். பத்து வயசானதும் காட்டுங்க. என்கிட்டத்தான்னு இல்ல, யார்கிட்டயாச்சும்."

அடக்கத்துக்குப் போய்வந்த அன்று தலைக்குக் குளித்து விளக்கேற்றினேன். உலை வைக்கத் தெம்பில்லை. யாழினிக்குப் பத்து வயதாகிவிட்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையை நன்றாகக் கழுவி, அவளைக் கூப்பிட்டு ஈறின் மேல் விரலை ஓட்டினேன்.

"என்னம்மா தேடுற?"

"டாக்டரம்மா தேடச் சொன்னத."

வலது பக்கம் மேடு இருக்கிறது. இடது பக்கம் எனக்குத் தட்டுப்படவில்லை. என் விரலுக்குப் பழக்கமில்லாததாலும் இருக்கலாம்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். தேடத் தெரிகிறது. அதற்கு மேல் தெரியாது. தாரணியின் பல் பாதி வழியில் நிற்கிறது. சங்கிலி வாயிலேயே இருக்கிறது. கிளினிக் பூட்டியிருந்தாலும் அங்கே வந்த பிள்ளைகளின் எக்ஸ்ரே படங்கள் செல்வியிடம் பத்திரமாக உள்ளன. இந்தப் பிள்ளைகளை உங்களில் யார் பார்ப்பீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.